‘டேக்’ என்பதற்குத் தமிழ் என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனைக்காக, நோயாளிகளிடம் கொடுக்கும் குறிப்புத் தாள்களைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. முதல் தாள் இதய நோயாளிகளுக்கானது. நெஞ்சு வலி வந்தால் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் ‘டேக்’ செய்ய வேண்டும் என்பது ஆங்கில வாக்கியம். ‘நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுங்கள், விழுங்க வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது ‘நாக்கின் அடியில் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்ளவும்’ என்று மாறியிருந்தது. மூலத்தில் உள்ள சொல் தமிழில் விட்டுப்போயிருக்கிறதே என்று யாரோ நல்லெண்ணத்தோடு திருத்தியிருந்தார்கள். அந்த வாரமே அங்கே காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா அதே தாளை என்னிடம் நீட்டினார். “தம்பி, எடுத்துக்கணும்னு போட்டிருக்கே, முழுங்கணுமா, வாயிலயே வெச்சுக்கணுமா?”

அந்தத் தாள் சொன்ன நைட்ரோகிளிசரின் மாத்திரையை விழுங்கினால் அது கல்லீரல் வழியாகப் போகும். மருந்தின் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்தால் நேராக இரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் வேலை செய்யும். அம்மாவின் கேள்விக்கு ஒரு வினைச்சொல்தான் விடை. அந்த விடையைத்தான் திருத்தம் அழித்துவிட்டது.

அன்றிலிருந்து ‘டேக்’ என்ற வினையைத் தமிழ் எப்படியெல்லாம் சொல்கிறது என்று குறித்து வருகிறேன். மயிலாப்பூர் மாட வீதியில், தி. நகர் ஜவுளிக் கடையில், 29சி பஸ்ஸில் காதில் விழுந்ததையெல்லாம் நோட்டில் எழுதினேன். அகராதிகளையும் புரட்டினேன். இந்தச் சொல்லுக்குத் தமிழ் ‘எடு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் தமிழின் மிகப் பெரிய செல்வம் ஒன்றைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள் என்பது என் முடிவு.

எந்த மொழியிலும் சின்ன வினைச்சொற்கள்தாம் அகராதிக்காரருக்குப் பெரிய வேலை வைப்பவை. ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் 1989-ம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு. பிறகு நடந்த திருத்தத்தில் ‘ரன்’ என்ற வினை ஒன்றுக்கு மட்டும் 645 பொருள்கள் தேறின. ‘டேக்’ இந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது ஆங்கிலத்தின் பூர்வீகச் சொல்லும் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு ‘நிமன்’ என்று சொன்னார்கள். ஜெர்மன் மொழியின் ‘நேமன்’ அதன் உறவு. வடக்கிலிருந்து கப்பலேறி வந்து குடியேறிய நார்ஸ் மக்களின் ‘தாகா’ மெல்ல மெல்ல ‘நிமன்’ இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எடுப்பதற்கான சொல்லையே வேறொரு மொழியிலிருந்து எடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள்.

சென்னையில் இந்த அகராதி வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஃபப்ரீசியஸ் 1779-ல் வேப்பேரியில் அச்சிட்ட அகராதியும், வின்ஸ்லோ 1862-ல் கொண்டுவந்த பேரகராதியும் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் சொன்னவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வேலை 1913-ல் சாண்ட்லர் தலைமையில் தொடங்கி, 1926 முதல் வையாபுரிப் பிள்ளையின் கையில் வேகம் பிடித்தது. அதன் ஆறு தொகுதிகள் 1924-க்கும் 1936-க்கும் இடையில் வந்தன. அனுபந்தம் 1939-ல் வந்தது. அதுவும் தமிழிலிருந்து புறப்படுவதுதான். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறவருக்கு, அதே பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம்தான் இன்றும் பெரிய துணை. கலைச்சொற்களுக்கு அதைப் போன்ற உழைப்பு அரிது. ஆனால் ‘டேக்’ போன்ற வினைக்கு வரும்போது அது எடு, கொள், பெறு, பற்று என்று தமிழ்ச் சொற்களை அடுக்கிக்கொண்டு போகிறது. எதை எங்கே போட வேண்டும் என்பது படிக்கிறவர் பாடு. தமிழ் அறிந்தவருக்கு அது தானாகத் தெரியும் என்று அந்தத் தலைமுறை நம்பியது. அன்றைக்கு அந்த நம்பிக்கையில் நியாயம் இருந்தது.

க்ரியா ராமகிருஷ்ணன் பாதையை மாற்றினார். 1992-ல் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ இன்றைய எழுத்திலிருந்தே எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கொடுத்து, ஒரு வினை எந்தப் பெயரோடு சேர்ந்து எந்தப் பொருள் தருகிறது என்று காட்டியது. 2008-லும் 2020-லும் அதை விரித்துத் திருத்தினார்கள். மூன்றாம் பதிப்பு வெளிவந்த அதே நவம்பரில் ராமகிருஷ்ணன் கொரோனாவுக்குப் பலியானார். தமிழ் வினைச்சொல்லை இவ்வளவு கூர்ந்து பார்த்த வேறொரு பதிப்பாளரை நான் அறியேன். அந்த முறையில், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் திசையில் ஓர் அகராதி நமக்கு வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் இடத்தில் சற்று நின்று பார்க்கலாம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒன்றை ‘டேக்’ செய்கிறோம். ஆங்கிலத்துக்கு அது குடையா, குழந்தையா, கடவுளா என்ற கவலை இல்லை. தமிழில் முதல் கேள்வியே அதுதான். குடையை எடுத்துக்கொண்டு போகிறோம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறோம்; மரியாதையோடு எழுதினால் அழைத்துச் செல்கிறோம். கைக்குழந்தை என்றால் தூக்கிக்கொண்டு போகிறோம். அதே குழந்தை நடக்கத் தொடங்கியதும் கூட்டிக்கொண்டு போகிறோம். மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறோம். தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு போகிறோம். போலீஸ்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் சுவாமியை மாட வீதிக்கு யாரும் ‘எடுத்துக்கொண்டு’ வருவதில்லை. சுவாமி எழுந்தருள்கிறார், தூக்குகிறவர்கள் சுவாமியை எழுந்தருளப் பண்ணுகிறார்கள். கோயில் பேச்சில் அது சுருங்கி ‘ஏளப்பண்றது’ என்று ஆகிவிட்டது. தோளில் தண்டியம் அழுந்தித் தழும்பு ஏறிய மனிதரிடம் கேட்டாலும் சுவாமி தாமாக வந்ததாகத்தான் சொல்வார். வினையின் எழுவாயைச் சாமிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு அவர் கீழே நடக்கிறார்.

கடைசியாக ஒன்று. மயிலாப்பூரில் ஒரு சாவு வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சாமியானா, ஐஸ் பெட்டியின் ஓயாத உறுமல். தாமதமாக வந்த உறவினர் ஒருவர் செருப்பைக் கழற்றியபடியே தாழ்ந்த குரலில் கேட்கிறார்: “எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?” இதில் செயப்படுபொருள் இல்லை. யாரை, எதை என்று ஒருவரும் கேட்பதில்லை. முந்தின நாள் வரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன மனிதர், ஒரே இரவில் ‘எடு’ என்ற வினைக்குள் போய்விட்டார். அவரைப் பெயர் சொல்லாமல், அது என்றும் சொல்லாமல், அந்த ஒரு வினை இழப்பை முழுக்கத் தாங்குகிறது. இதை ஆங்கிலத்தில் எழுதப் பார்த்துப் பலமுறை தோற்றிருக்கிறேன்.

அக்கம்பக்கத்து மொழிகள் எல்லாமே இப்படி என்றும் சொல்வதற்கில்லை. தி. நகரில் தெலுங்கு பேசும் நண்பர்கள் பொருளுக்கும் மனிதருக்கும் ‘தீஸ்கெள்ளு’ என்று ஒரே வினையைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு இல்லை. எங்கோ இருக்கும் தாய்லாந்தின் மொழி இந்த விஷயத்தில் நமக்கு நெருக்கமாக இருப்பதுதான் வியப்பு. தாய் மொழியில் ஆளைக் கூட்டிப் போவதற்குப் ‘பா’ என்று தனி வினை. பொருளை எடுத்துப் போவதற்கு ‘அவ்’. மருந்து ‘டேக்’ செய்வதற்கு அவர்கள் சொல்வது ‘கின் யா’. கின் என்றால் சாப்பிடு, யா என்றால் மருந்து. நம் பாட்டிமார் சொன்ன ‘மருந்து சாப்பிட்டியா?’ அப்படியே அங்கே இருக்கிறது. புகைப்படத்துக்கு ஒரு வினை, குளியலுக்கு ஒரு வினை, தேர்வுக்கு ஒரு வினை என்று அங்கும் கிளை பிரிகிறது. ‘டேக்’ என்பதற்கு ஒரே தாய்ச் சொல் தேடுகிறவருக்கும் ஒரே தமிழ்ச் சொல் தேடுகிறவருக்கும் ஒரே மாதிரிதான் கை விரிக்க வேண்டியிருக்கும்.

இப்படிச் சொல்வதால் ‘எடு’ ஏழைச் சொல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால், ஆங்கிலத்தின் ‘டேக்’ போகாத இடங்களுக்கெல்லாம் அது போகிறது. பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது. பிள்ளை வாந்தி எடுக்கிறான், மறுநாள் நல்ல மார்க்கும் எடுக்கிறான். நேர்த்திக்கடனுக்குப் பால்குடம் எடுக்கிறார்கள், தீச்சட்டி எடுக்கிறார்கள். பாம்பு படம் எடுக்கிறது. கோடம்பாக்கத்திலும் படம் எடுக்கிறார்கள். பஸ் நிறைந்ததும் ‘வண்டியை எடுங்க’ என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. ‘அவர் போனை எடுக்கல’ என்றால் பதில் பேசவில்லை என்று பொருள்.

தி. நகருக்கு வருகிறவர்களிடம் இன்னொன்றைக் கவனிக்கலாம். பனகல் பூங்கா பக்கம் 1928 முதல் இருக்கும் நல்லி போன்ற கடைகளுக்குக் கல்யாண வீட்டார் கூட்டமாக வருவார்கள். “முகூர்த்தப் புடவை எடுத்தாச்சா மாமி?” என்பதுதான் ஊரெல்லாம் கேட்கும் விசாரிப்பு. அரிசியை வாங்குகிறோம், கத்தரிக்காயை வாங்குகிறோம், மருந்தை வாங்குகிறோம், துணியைத்தான் எடுக்கிறோம். ஜமக்காளம் விரித்த மேடையில் விற்பனையாளர் ஒவ்வொரு புடவையாக உதறி விரிக்கிறார். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று மடி மடியாகக் குவிகிறது. அந்தக் குவியலிலிருந்து ஒன்றைப் பெண்ணின் அத்தை தனியே இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். காசு கொடுப்பது அதற்குப் பிறகு, மாடி இறங்கும்போது. பலவற்றில் ஒன்றைத் தெரிந்து கையில் எடுக்கும் அந்தக் கணத்தைத்தான் தமிழ் வினையாக்கி வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெண் எடுப்பது, பெண் கொடுப்பது என்ற வழக்கும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

விலைக்குப் பெறுவதைப் பழைய தமிழ் ‘கொள்’ என்றது. அது தனி வினையாகப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. நெல் கொள்முதல் நிலையத்தின் பலகையிலும், ‘கொண்டான் கொடுத்தான்’ என்ற உறவுப் பேச்சிலும் தங்கியிருக்கிறது. ஆனால் மறைந்ததாகச் சொல்வதும் தவறு. அது மற்ற வினைகளின் வாலாகப் போய் ஒட்டிக்கொண்டு முன்னைவிடப் பெருகிவிட்டது. பார்த்துக்கோ, கத்துக்கோ, வெச்சுக்கோ, பிடிச்சுக்கோ. ‘டேக் கேர்’ என்பதற்கு நாம் சொல்வது ‘உடம்பைப் பார்த்துக்கோங்க’. கையில் நோட்டைத் திணிக்கும்போது ‘வெச்சுக்கோங்க’. ஆங்கிலத்தின் ‘டேக்’ முன்னே நின்று செய்வதைத் தமிழில் ‘கொள்’ பின்னே நின்று செய்கிறது: செயலின் பலன் செய்தவரிடமே சேர்கிறது.

வினையே இல்லாமலும் தமிழில் ‘டேக்’ உண்டு. வடக்கு மாட வீதிப் பூக்காரம்மா நாரில் முடிச்சிட்ட மல்லிகையை இலையில் சுருட்டி நீட்டுகிறார்: “இந்தாம்மா.” பெரியவருக்கு நீட்டினால் “இந்தாங்க.” இலக்கணத்தில் இது வினை இல்லை, ஆனாலும் மரியாதை விகுதியை வினையைப் போலவே ஏற்றுக்கொள்கிறது. தருகிறவருக்கும் பெறுகிறவருக்கும் உள்ள உறவைச் சொல்லிலேயே காட்டும் பழக்கம் தமிழுக்கு மிகப் பழையது. ஈ, தா, கொடு என்ற மூன்றையும் தாழ்ந்தவர், ஒத்தவர், உயர்ந்தவர் கேட்கும் சொற்களாகத் தொல்காப்பியம் பிரித்து வைத்தது. விவிலியத்தைத் தமிழாக்கியவர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். கடைசி இராவுணவுக் காட்சியில் இயேசு அப்பத்தைக் கையில் கொள்வதற்கும் சீடர்களை அதைக் கொள்ளச் சொல்வதற்கும் கிரேக்கத்தில் ஒரே வினை, ஆங்கிலத்திலும் ஒரே வினை. புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் தமிழ் விவிலியத்தில் இயேசு எடுக்கிறார், சீடர்கள் வாங்குகிறார்கள். குருவின் கையிலிருந்து வருவதைச் சீடர் ‘எடுத்தால்’ தமிழ்க் காதுக்கு அது ஒட்டாது. அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன்.

மயிலாப்பூரில் இருந்துகொண்டு ‘எடுப்பு’ என்ற சொல்லை விட்டுவிட முடியாது. தாள வட்டத்தில் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதுதான் எடுப்பு. தாளமும் பாட்டும் ஒன்றாகத் தொடங்கினால் சம எடுப்பு. தாளம் தொடங்கிய பின் பாட்டு வந்தால் அனாகதம். பாட்டு முந்திக்கொண்டால் அதீதம். மார்கழியில் மியூசிக் அகாதமியிலோ ஒரு சின்ன சபாவிலோ முன்வரிசையில் தொடையில் தட்டிக்கொண்டிருக்கும் ரசிகர், கல்பனா ஸ்வரம் முடிந்து பாடகர் சரியாக எடுப்பில் வந்து விழுகிற நொடிக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய காலத்தை ஒட்டிய தமிழிசை எழுத்துகளில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பவற்றுக்கு எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்ற பெயர்கள் வழங்கின. தூக்கி நிறுத்துவது என்ற ‘எடு’வின் பழம்பொருள் அந்தப் பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு’ என்று புடவைக் கடையில் சொல்வதும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

இனி இரவல் வழக்குகளைப் பற்றி. ஆங்கிலத்தை ஒட்டி ‘எடு’ நுழைந்த இடங்கள் பல. எல்லாவற்றையும் விரட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து அலுவலகக் கோப்புகள் தமிழுக்கு மாறியபோது, ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ போன்ற தொடர்கள் பரவி வேரூன்றிவிட்டன. ‘முடிவு எடு’, ‘ஓய்வு எடு’, ‘லீவு எடு’ எல்லாம் இன்று வீட்டுத் தமிழ். யாருக்கும் பொருள் குழம்புவதில்லை. அதே அலுவலகத் தமிழ் ‘பதவி ஏற்றார்’, ‘உறுதிமொழி ஏற்றார்’ என்று நல்ல சொற்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘உறுதிமொழி எடுத்தார்’ என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நேரம் ‘ஆகும்’, ‘பிடிக்கும்’ என்று இருந்தது ‘எடுக்கும்’ ஆகிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளை ‘குளியல் எடுத்தேன்’ என்று சொன்னால் பாட்டி சிரிக்கிறாள். அடுத்த முறை அவன் ‘குளிச்சேன்’ என்று சொல்கிறான். இவையெல்லாம் பேச்சில் தானே சரியாகிவிடும்.

சரியாகாதது மருந்துச் சீட்டு. ‘மருந்து எடுத்துக்கோங்க’ என்பது இன்று மருத்துவர் வாயில் சாதாரணமாக வருகிறது, பேச்சில் அதனால் கேடில்லை. கையால் ஜாடை காட்டுகிறார், கேட்டால் விளக்குகிறார். தாளில் ஜாடை இல்லை. சக்கரை நோய்க்காரர் இன்சுலினைப் போட்டுக்கொள்ள வேண்டும், ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரை உள்ளே இழுக்க வேண்டும், சிரப்பைக் குடிக்க வேண்டும், பூச்சி மாத்திரையை மென்று தின்ன வேண்டும், சளிக்கு ஆவி பிடிக்க வேண்டும். ஆங்கிலம் இவற்றில் பலவற்றை ‘டேக்’ என்ற ஒரே சொல்லில் கட்டிக்கொடுக்கிறது. எந்த வாய், எந்த மூக்கு, எந்த ஊசி என்பதைப் படிக்கிறவர் வேறெங்கோ தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் வினை அதைத் தானே சொல்லிவிடும். அந்த வசதியை நாமே தட்டிவிட்டு ஐந்துக்கும் ‘எடுத்துக்கொள்ளவும்’ என்று அச்சடிக்கிறோம்.

இப்போது இயந்திர மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொண்டது. கூகுள் 2011-ல் தமிழைச் சேர்த்தது. அடையாறுக்கு அருகில், சர்தார் படேல் சாலையில் இருக்கும் ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-ல் அட்டவணை மொழிகள் 22-க்கும் மொழிபெயர்ப்பு மாதிரியை வெளியிட்டது. பெரிய வேலை அது. இந்த இயந்திரங்கள் நாம் எழுதி வைத்திருக்கும் வாக்கியச் சோடிகளிலிருந்துதான் கற்கின்றன. ஆயிரம் மருந்துத் தாள்களில் ‘எடுத்துக்கொள்ளவும்’ என்று இருந்தால் ஆயிரத்தோராவது தாளிலும் அதுதான் வரும். அதனால் இன்று தமிழில் ஒரு குறிப்புத் தாள் எழுதுகிறவர் அதைப் படிக்கப்போகும் நோயாளிக்கு மட்டும் எழுதவில்லை. கை என்ன செய்கிறது, வாய் என்ன செய்கிறது என்று மனதுக்குள் ஒருமுறை நடித்துப் பார்த்துவிட்டு வினையைப் போடுங்கள் என்பதுதான் இந்த வேலைக்கு வரும் இளையவர்களிடம் நான் சொல்வது.

அந்த அம்மாவிடம் அன்று, “நாக்குக்குக் கீழ வெச்சுக்கோங்கம்மா, தானா கரையும், முழுங்காதீங்க” என்றேன். அவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் ‘நாக்குக்குக் கீழ் வைக்கவும்’ என்று என்னையே எழுதித் தரச் சொல்லி, நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.